கடல் மீன் தொட்டி 'சைக்கிள் ஆவது' என்றால் என்ன?

மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வரைக்கும் மீன் கடைகளில் நின்றால் இந்த வார்த்தை காதில் விழும்: "சைக்கிள் ஆகட்டும்." புதிதாகத் தொட்டி வாங்குகிறவரிடம், "மூணு நாள் ஃபில்டரை ஓட விடுங்க, சைக்கிள் ஆயிரும், அப்புறம் மீன் விடலாம்" என்பார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். என்ன சுற்றுகிறது, சுற்றி முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்கள் குறைவு.

போன வருடம் கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். நான்கு கோமாளி மீன் வாங்கி விட்டிருக்கிறான். ஆறே நாளில் நான்கும் போய்விட்டன. "அண்ணா, வெள்ளம் கண்ணாடி போல கெடக்கு. மீனு மட்டும் ஏன் சாகுது?" என்று கேட்டான். அவன் எதிலும் குறை வைக்கவில்லை. கடையில் சொன்னபடி மூன்று நாள் பொறுத்திருக்கிறான், நல்ல ஃபில்டர் வாங்கியிருக்கிறான், நேரத்துக்குத் தீனி போட்டிருக்கிறான். கண்ணில் படாத ஒரு விஷயத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

தெளிந்த தண்ணீரில் என்ன கெடுதல்?

மாட்டுத் தொழுவத்தை ஒரு நாள் கழுவாமல் விட்டால் காலையில் உள்ளே நுழையும்போதே மூக்கில் ஒரு காரம் ஏறும். அதுதான் அம்மோனியா. உடம்பு புரதத்தைச் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜன் கழிவு அது. மீனின் உடம்பிலிருந்து இது வெளியே போவது பெரும்பாலும் செவுள் வழியாக. மூச்சு விடுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அம்மோனியா தண்ணீரில் கலக்கிறது. மீன் சாணமே போடாவிட்டாலும் இது நிற்காது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் இதுவே வரும்.

கடலில் இது ஒரு பிரச்சினையே இல்லை. குளச்சல் கடலில் ஒரு மீன் விடுகிற அம்மோனியா எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாது. நம் தொட்டியோ நான்கு கண்ணாடிக்குள் அடைபட்ட தண்ணீர். விட்டது அங்கேயே தங்குகிறது, நாளுக்கு நாள் ஏறுகிறது. அதற்கு நிறம் கிடையாது. அதனால்தான் தண்ணீர் கண்ணாடிபோல இருக்கும்போதே மீன் சாகிறது.

கடல் நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும்: ஒன்று மீனின் செவுளுக்குள் எளிதாக நுழையும் கொடிய வடிவம், இன்னொன்று அவ்வளவு கேடு செய்யாத வடிவம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைச் சொல்லும் எண். 7 நடுநிலை, அதற்கு மேலே காரம். நன்னீர்த் தொட்டி பெரும்பாலும் 7-ஐ ஒட்டி இருக்கும். கடல் நீர் 8.2 அளவில் இருக்கும். பிஎச் 7-ல் கொடிய வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. 8.2-ல் நம் ஊர் வெப்பத்துக்கு அது பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். நன்னீரில் கப்பி மீனை முதல் நாளே விட்டுத் தப்பித்தவர்கள் கடல் தொட்டியில் அதையே செய்து தோற்பதற்கு இது பெரிய காரணம்.

ஆக, மீன் மூச்சு விடும்போதே விஷம் சேர்கிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை, கடல் நீரில் அதன் கடுமை அதிகம். இதை எடுத்து ஒழிக்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்?

வாழைக்கு யூரியா போடுகிறோம் அல்லவா? அது முதலில் அம்மோனியாவாக மாறும், பிறகு மண்ணில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றும். வாழை பெரும்பாலும் அப்படித்தான் அதை எடுத்துக்கொள்கிறது. இந்த வேலையைச் செய்கிற பாக்டீரியாக்களை 1890 வாக்கில் தனியாகப் பிரித்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிவியலாளர். நம் தொட்டியில் வேண்டியதும் இதே வேலைதான்.

வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரோசோமோனாஸ் இந்த வகை. இரண்டாவது கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரோஸ்பைரா இந்த வகை. நைட்ரைட், நைட்ரேட் என்று பெயர்கள் ஒன்றுபோலக் காதில் விழுந்தாலும் இரண்டும் வேறு. நைட்ரைட் இடைப்பட்ட பொருள். நைட்ரேட் கடைசிப் பொருள், கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் போதுமான எண்ணிக்கையில் குடியேறி, அம்மோனியா உண்டாக உண்டாக நைட்ரேட்டாக மாறும் நிலை வருவதைத்தான் 'சைக்கிள் ஆயிற்று' என்கிறோம்.

இதைப் பாலுக்கு உறை ஊற்றுவதோடு ஒப்பிடலாம். ஒரு கரண்டி மோரில் இருந்த பாக்டீரியா இரவோடிரவாகப் பெருகிப் பாலைத் தயிராக்குகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. உறைமோர் பாக்டீரியாவுக்குப் பாலில் கிடைப்பது விருந்து. நம் பாக்டீரியாவுக்கு அம்மோனியாவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் கொஞ்சமே. அதை வைத்துக்கொண்டு தன் உடம்பைத் தானே கட்ட வேண்டும். சாதாரண பாக்டீரியா சில 20 நிமிடத்தில் இரட்டிக்கும்போது இதற்குப் பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாளுக்கும் மேல் ஆகிறது. அதனால்தான் தயிர் ஒரு ராத்திரியில் உறைகிறது, தொட்டிக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டியிருக்கிறது. மூன்று நாளில் எந்த ஃபில்டரும் இதைச் செய்து தராது.

இவை தண்ணீரில் மிதந்துகொண்டிருப்பதில்லை. குளத்துப் படியில் காலை வைத்தால் வழுக்கும், பார்த்திருப்பீர்கள். கல்லின் மேல் நுண்ணுயிர்கள் சேர்ந்து ஒட்டிக்கொண்ட மெல்லிய படலம் அது. உயிர்ப்படலம் என்று சொல்லலாம். நம் பாக்டீரியாவும் அப்படிக் கல், மணல், ஃபில்டர் பஞ்சு, கண்ணாடி என்று எதன்மேலாவது படலமாக ஒட்டியே வாழும். பரப்பு கூடினால் குடியிருப்பும் கூடும்.

காற்றும் வேண்டும். கடலோர ஊர்களில் கதம்பலை அழுகப்போடும் குழிகளைக் கடந்து போனவர்களுக்கு அந்த வாடை மறக்காது. தேங்காய் மட்டை மாதக்கணக்கில் தண்ணீருக்குள் அழுந்திக் கிடக்கும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அங்கே ஆட்சி செய்யும். அந்த அழுகிய முட்டை வாடையும் கறுப்பும் அவற்றின் வேலை. நமக்கு வேண்டிய பாக்டீரியா இதற்கு நேர் எதிர். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற அவற்றுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன் தேவை. 28 டிகிரி வெப்பத்தில் கடல் நீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜனோ 6 முதல் 7 மில்லிகிராம்தான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க நான்கு: தீனியாக அம்மோனியா, ஒட்டிக்கொள்ளப் பரப்பு, ஆக்சிஜன், நாள். தொட்டிக்கு வாங்குகிற ஒவ்வொரு பொருளையும் இந்த நான்கில் எதற்கு உதவுகிறது என்று கேட்டுப் பார்த்து வாங்கினால் பணம் வீணாகாது.

என்ன வாங்க வேண்டும்

தொட்டி பெரிதாக இருப்பதே புதியவருக்கு நல்லது. ஒரு அடித் தொட்டியில் ஒரு மீன் செத்தால் தண்ணீர் முழுக்கக் கெட்டுவிடும். பெரிய தொட்டியில் அதே தவறு கரைந்துபோகும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட 190 லிட்டர். தண்ணீரோடு கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டும் என்பதால் தாங்கு மேசையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இரும்பு மேசை என்றால் நல்ல பெயின்ட். உப்புத் துளி பட்ட இடமெல்லாம் துருவேறும்.

ஃபில்டர் எந்த வகையாகவும் இருக்கலாம். பஞ்சும் பீங்கான் வளையமும் நிறைய கொள்ளுகிறதா என்று பாருங்கள். அதோடு தண்ணீரைச் சுழற்றும் ஒரு பவர்ஹெட், மேல்பரப்பு அலையும்படி வைத்தது. தொட்டியின் மேல்பரப்பு சலசலக்கும் இடத்தில்தான் காற்று உள்ளே போகிறது.

ஸ்கிம்மர் பற்றி நிறையப் பேச்சு உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் முட்டம் கடற்கரையில் வெள்ளை வெள்ளையாக நுரை ஒதுங்கும். தண்ணீரில் கரைந்த புரதம் குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு நுரையாவதுதான் அது. ஸ்கிம்மர் இதையே ஒரு குழாய்க்குள் செய்து, நுரையைக் கோப்பையில் சேர்த்து வெளியே எடுக்கிறது. கழிவு அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே எடுத்துவிடுவதால் பாக்டீரியாவின் சுமை குறையும். நல்ல கருவிதான். ஆனால் அது பாக்டீரியாவுக்கு மாற்று ஆகாது. முதல் இரண்டு மாதத்துக்கு அது இல்லாமலும் சமாளிக்கலாம்.

ஹீட்டர் நம் பக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. நமக்குச் சித்திரை வெயில்தான் எதிரி. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் ஆக்சிஜன் குறையும். தண்ணீரின் மேல் சின்ன ஃபேன் ஒன்றை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் அதிகம் ஆவியாகும், அவ்வளவுதான். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் குறைந்ததை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். இதில் தவறி, ஒவ்வொரு நாளும் உப்புத் தண்ணீர் ஊற்றி மீனைக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

உப்பு என்றால் சமையல் உப்போ கல்லுப்போ ஆகாது. குமரி மாவட்டத்துப் புத்தளம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பாத்தியில் சோடியம் குளோரைடு படிந்ததும் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். கடலின் மக்னீசியத்தில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. இயல்பான கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் இருக்கும். இவற்றைச் சேர்த்துத் தயாரித்த மீன் தொட்டி உப்பு கடைகளில் கிடைக்கும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கொட்டி, பம்ப் வைத்து ஒரு நாள் கலக்கவிட வேண்டும். உப்பின் அளவைப் பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், 1.025 காட்டினால் சரி.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு கேனில் மோந்து வந்தால் என்ன என்று கேட்பார்கள். வரலாம், இடமும் காலமும் பார்த்து. தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் மழைக்காலத்தில் உப்பு எவ்வளவு குறையும் என்று சொல்ல முடியாது. துறைமுகத்துக்குள் மோந்தால் படகு டீசல் கலந்திருக்கும். புதியவர் உப்பு கலந்து தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

கல் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பவளப் பாறையைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. யாராவது சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விலை சொன்னால் வாங்காதீர்கள். கடைகளில் செயற்கையாகச் செய்த நுண்துளைக் கல் கிடைக்கிறது. பாக்டீரியாவுக்கு வேண்டியது துளையும் பரப்பும்தான், அது அதில் இருக்கிறது.

கடைசியாக, டெஸ்ட் கிட். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கையும் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் வகை. ஸ்கிம்மரைத் தள்ளிப்போடலாம், லைட்டைத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுகிற ஒரே பொருள் இதுதான்.

மீன் இல்லாமல் பாக்டீரியா வளர்ப்பது

உப்பு நீர், கல், ஃபில்டர் எல்லாம் ஓடத் தொடங்கியாயிற்று. இப்போது தீனி வேண்டும். சந்தையில் வாங்கிய இறால் ஒன்றைப் பச்சையாகத் துணியில் கட்டித் தொங்கவிடுவது பழைய வழி. அது அழுகி அம்மோனியா தரும். வீட்டில் வாடையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் துல்லியமான வழி அம்மோனியம் குளோரைடு. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம்தான் இது. ஆனால் அவர்களிடம் இருப்பதில் வேறு உலோகங்கள் கலந்திருக்கலாம். ஆய்வகங்களுக்கு விற்கிற தூய்மையான பொடியை வாங்குங்கள். 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் அம்மோனியா 2 பிபிஎம் அளவுக்கு வரும். பிபிஎம் என்பது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொருள். சீக்கிரம் ஆகட்டும் என்று நிறையக் கொட்டினால் இரண்டாவது கூட்டத்தின் வளர்ச்சி தடைபடும்.

பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை சோதித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் அம்மோனியா அப்படியே நிற்கும். ஒன்றிரண்டு வாரத்தில் அது இறங்கத் தொடங்கும், நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா குறைந்துபோகும்போதெல்லாம் கொஞ்சம் பொடி சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் கூட்டத்துக்குத் தீனி இருக்காது. அடுத்த வாரங்களில் நைட்ரைட் ஏறி நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். இரண்டாவது கூட்டம் இன்னும் மெதுவானது. அப்புறம் ஒரு நாள் நைட்ரைட் சட்டென்று இறங்கும், நைட்ரேட் ஏறும்.

கல்லில் பழுப்பு நிறத்தில் பாசி படர்ந்தால் பயப்பட வேண்டாம். புதுத் தொட்டிகளில் அது வந்துபோகும். லைட்டை அணைத்தே வைத்திருக்கலாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை.

முடிந்ததா என்று பார்க்க ஒரே சோதனை: அம்மோனியாவை 2 பிபிஎம் ஆக்கிவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் சைக்கிள் ஆயிற்று. சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்கப் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம். கருங்கல் தம்பிக்கு இது 38 நாள் ஆனது.

பாட்டிலும் பழைய தண்ணீரும்

"எங்கள் தொட்டியிலிருந்து பத்து லிட்டர் தண்ணீர் தருகிறேன், ஊற்று, சீக்கிரம் சைக்கிள் ஆகும்" என்று நண்பர்கள் அன்போடு சொல்வார்கள். பாக்டீரியா ஒட்டி வாழ்வது என்று பார்த்தோமே. தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் இருக்கும். அவரிடம் ஃபில்டர் பஞ்சிலோ வளையத்திலோ ஒரு பிடி கேளுங்கள். அதுதான் உண்மையான உறைமோர். அதே தண்ணீரில் நனைந்தபடியே எடுத்துவந்து அன்றே உங்கள் ஃபில்டரில் வையுங்கள், பாதி நாள் மிச்சமாகலாம். ஆனால் அவர் மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்திருந்தால் வாங்காதீர்கள், அந்த ஒட்டுண்ணியும் கூடவே வரும். நன்னீர்த் தொட்டிப் பஞ்சும் பயன்படாது. அதிலிருக்கும் பாக்டீரியா திடீரென்று உப்பில் விழுந்தால் தாங்காது.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவில் நல்லதும் உண்டு. உயிரோடு நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா வகை இருந்தால் நாள் குறையலாம். ஆனால் இந்த வகைக்கு வித்துப்போல உறங்கிக் கிடக்கும் திறன் இல்லை. வெயில் விழும் அலமாரியில் ஒரு வருடம் நின்ற பாட்டிலில் அவை பிழைத்திருக்கும் என்று நம்புவது கடினம். பொடியாக வருவதில் பெரும்பாலும் பேசில்லஸ் என்ற வேறு வகை இருக்கும். அது உறங்கும், எழும், அழுகலைத் தின்னும், ஆனால் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வேலை அதனுடையது கிடையாது. பாட்டில் ஊற்றினாலும் 24 மணி நேரச் சோதனையைச் செய்த பிறகே மீன் விடுங்கள்.

மீன் வந்த பிறகு

பாக்டீரியாவின் எண்ணிக்கை தீனிக்கு ஏற்றபடி நிற்கும். இரண்டு மீன் இருந்தால் இரண்டு மீனுக்கான கூட்டம். திடீரென்று ஆறு மீனை விட்டால் கூட்டம் பெருகும்வரை அம்மோனியா மிஞ்சும். ஒன்றிரண்டாக, இரண்டு வாரம் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். முடிந்தால் தொட்டியில் பிறந்து வளர்ந்த மீனாகக் கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்திலேயே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அப்படிப் பிறந்த மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, கடலுக்கும் இழப்பு இல்லை.

ஃபில்டர் பஞ்சைப் பளிச்சென்று குழாய்த் தண்ணீரில் கழுவுவது நம் கைப்பழக்கம். குழாய்த் தண்ணீரின் குளோரினும், உப்பில்லாத தண்ணீரின் அதிர்ச்சியும் ஆறு வாரத்து உழைப்பை அங்கேயே முடித்துவிடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை அலசி எடுத்தால் போதும். பஞ்சும் வளையமும் ஒரே நாளில் இரண்டையும் கழுவ வேண்டாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் வேலை செய்யச் செய்ய, தண்ணீரின் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் காரச்சத்தும் செலவாகிறது. தண்ணீர் மாற்றுவது நைட்ரேட்டை வெளியேற்றுவதோடு இதையும் ஈடுகட்டும். வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் சின்னத் தொட்டிக்குப் போதும்.

கரண்ட் போனால்

நம் ஊரில் காற்றும் மழையும் அடித்தால் முதலில் போவது கரண்ட். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தொட்டிப் பக்கத்தில் இருக்கட்டும். ஃபில்டர் நின்றால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் பாக்டீரியா அங்கிருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் தெருவில் கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் கரண்ட் இல்லை. அப்போது என்னிடம் பேட்டரி பம்ப் கிடையாது. வீட்டில் எல்லோருமாக முறை வைத்து, ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மோந்து ஓரடி உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தோம். தீனியை அறவே நிறுத்திவிட்டேன். தீனி இல்லாவிட்டால் அம்மோனியாவும் குறைவு. மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும், ஆக்சிஜன் இல்லாததைத் தாங்காது. மூன்று டாம்செல் மீனில் இரண்டு பிழைத்தன.

கரண்ட் வந்ததும் ஃபில்டரை அப்படியே ஓட்டாமல் முதலில் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த தண்ணீரில் கதம்பல் குழியின் அதே வாடை. அதைத் தொட்டிக்குள் விட்டிருந்தால் மிஞ்சிய இரண்டும் அன்று ராத்திரியே செத்திருக்கும். தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு, வளையங்களைத் தொட்டித் தண்ணீரில் அலசி மறுபடி அடுக்கினேன். சில நாள் அம்மோனியா கொஞ்சம் காட்டியது. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். கல்லிலும் மணலிலும் மிச்சமிருந்த கூட்டம் மெதுவாகப் பெருகி, எட்டாவது நாள் நிறம் மறுபடி பூஜ்யத்துக்கு வந்தது.